பட்டியலில் எழுதாத பெயர்



இரத்மலானையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்கள் கூடுவார்கள். முன் விறாந்தையில் பதினைந்து பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு மேசை, மேசையில் பைபிள், அதன் பக்கத்தில் ஒரு பழைய மைலோ ரின். காலி வீதியில் பஸ் இரைந்தால் இவர்கள் பாட்டை இன்னும் கொஞ்சம் உரத்துப் பாடுவார்கள். லூத்தரன் சபையின் பெண்கள் ஐக்கியம் அது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. வெள்ளிக்கிழமையில் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறவள். ஆனாலும் ஓய்வுபெற்ற ரீச்சர் என்பதால் கடிதம் எழுத, படிவம் நிரப்ப என்று கூப்பிடுவார்கள். போவேன். அவர்கள் தரும் இஞ்சித் தேநீரும் ஒரு காரணம்.

லூத்தரன் சபை நம் நாட்டில் சிறியது. வடக்கில் வளர்ந்த எங்களுக்குக் கத்தோலிக்கம், மெதடிஸ்த, அங்கிலிக்கன், அமெரிக்க மிஷன் எல்லாம் பழக்கம்; இந்தப் பெயர் அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் தமிழ் மண்ணில் அதற்கு முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட வேர் உண்டு. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இலங்கையில் அந்தச் சபைக்கு வேர் பிடித்த இடம் மலையகம். எங்கள் ஒழுங்கை ஐக்கியத்திலும் அரைவாசிப் பேர் தோட்டக் குடும்பங்களில் பிறந்தவர்கள். மற்றவர்கள் வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து, தமிழில் ஆராதனை நடக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதே என்று சேர்ந்தவர்கள்.

இந்த ஊருக்கு அகதிகள் புதிதல்ல. 1983 ஜூலையில் இரத்மலானை விமான நிலையமும் இந்துக் கல்லூரியும் அகதி முகாம்களாக இருந்தன. அதற்குப் பிறகும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் அறை எடுத்து, பொலிஸ் பதிவுத் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர்! 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்றைக்கும் அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் போகமாட்டார்கள். நானும் அப்படித்தான்.

மைலோ ரின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களிடம் பிடியரிசி என்றொரு பழைய வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். மாதம் முடிய அதைக் கொண்டுவந்து சபைக்குக் கொடுப்பார்கள். கையில் காசே புழங்காத பெண்ணும் கணவனிடம் கேளாமல் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. 2022 இல் அரிசி விலை ஏறி, காஸும் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில், பிடியரிசி எடுக்க வீட்டில் அரிசியே இல்லை. அப்போதுதான் ரின் வந்தது. பத்து ரூபா, இருபது ரூபா, கிடைத்ததைப் போடுவார்கள். அந்தக் காசுக்குக் கணக்குக் கொப்பி வைத்திருப்பவர் ஹற்றன் அம்மா. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஒரு சதம் பிசகாது.

இனி, கிளிநொச்சி அக்காவின் விஷயம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2009 மே மாதம் முல்லைத்தீவில் சனநெருக்கடிக்குள் கணவர் பிரிந்தார். அதன்பின் காணவில்லை. முகாம்கள், ஆணைக்குழுக்கள், செஞ்சிலுவைச் சங்கம், காணாமற்போனோர் அலுவலகம் என்று அலைந்த கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் அதே வாங்குகளில் இருந்தவர்கள். சாவகச்சேரிப் பக்கத்தில் அவருக்குச் சீதனமாகக் கொடுத்த எட்டுப் பரப்புக் காணி இருக்கிறது. தையல் மெசினுக்காக எடுத்த நுண்கடன் வட்டியோடு ஏறி நிற்கிறது. நாலு பரப்பை விற்றுக் கடனைக் கட்டலாம் என்று உறுதியைக் கொண்டு போனார். நொத்தாரிசு கேட்ட முதற் கேள்வி: “கணவர் எங்கே? அவருடைய கையெழுத்து வேண்டும்.”

சென்ற ஒக்ரோபரில் சீர்திருத்த ஞாயிறு வந்தது. லூத்தரின் மனைவி கத்தரீனாவைப் பற்றிப் பெண்கள் ஐக்கியத்தில் பேச வேண்டும் என்று என்னிடம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தந்தார்கள். வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கன்னியர் மடத்திலிருந்து 1523 இல் தப்பி வந்தவர். 1525 ஜூன் 13 இல் லூத்தரைக் கைப்பிடித்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். மாணவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் சமைத்துப் போட்டு, தோட்டம் செய்து, மாடு வளர்த்து, பியரும் காய்ச்சிப் பெரிய வீட்டை நடத்தியவர். நல்ல மனைவி, நல்ல இல்லத்தரசி. அத்தோடு பேச்சை முடித்துத் தேநீர் கொடுப்பார்கள். புத்தகத்தை வாசிக்க வாசிக்க, எனக்குப் பிந்திய பக்கங்கள்தான் நெஞ்சில் நின்றன.

1546 பெப்ரவரியில் லூத்தர் இறந்தார். நாலு வருடத்துக்கு முன்பே, 1542 இல், அவர் மரணசாசனம் எழுதியிருந்தார். என் சொத்துக்கெல்லாம் என் மனைவியே உரிமைக்காரி, பிள்ளைகளுக்கும் அவளே பொறுப்பு என்பது அதன் சாரம். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்கள் பாதுகாவலர்களாக நியமிக்கப்பட வேண்டும் என்பது வழக்கம். இருபது வருடமாக அந்தக் குடும்பத்தின் வரவு செலவைத் தன் தலையில் சுமந்தவளுக்கே பாதுகாவலர்! அந்நாட்டு ஆட்சியாளர் சாசனத்தை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பாதுகாவலர்கள் வந்தார்கள். அதே வருடம் போர் வந்தது. பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓடினார், திரும்பினார், அடுத்த வருடம் மறுபடியும் ஓடினார். வந்து பார்க்கும்போது தோட்டம் பாழ், மாடுகள் இல்லை, கட்டடங்கள் சிதைந்து கிடந்தன. கடன் வாங்கி, வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார். 1552 இல் கொள்ளைநோய்க்குப் பயந்து மூன்றாம் முறை புறப்பட்டபோது வண்டியால் விழுந்து, அந்த டிசம்பரில் தோர்காவ் என்ற ஊரில் காலமானார்.

நான் இதைச் சொல்லி முடிக்க, கிளிநொச்சி அக்கா கேட்டார்: “அப்ப அவவுக்கும் ஒராள் கையெழுத்து வைக்க வேண்டியிருந்ததோ ரீச்சர்?”

ஓம் என்றேன்.

“ஐந்நூறு வரியம்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நவம்பரில்தான் சிக்கல் வந்தது. லூத்தரன் சபைகளில் திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிற்றில் மரித்தோரை நினைவுகூரும் வழக்கம் உண்டு. 1815 இல் நெப்போலியனோடு நடந்த போர்கள் ஓய்ந்தன. மறு வருடம் பிரஷ்ய அரசர் தன் நாட்டுக்கு இப்படியொரு நாளைக் குறித்துக் கொடுத்தார். ஒவ்வொரு குடும்பமும் தன் மரித்தோர் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுக்கும். போதகர் ஒவ்வொன்றாக வாசிக்க, மெழுகுதிரி ஏற்றுவார்கள். சனிக்கிழமை ஐக்கியத்தில் கடதாசித் துண்டுகள் கை மாறின. கிளிநொச்சி அக்காவிடமும் ஒன்று வந்தது.

சபைக் குழுவில் உள்ள ஓர் ஐயா, நல்ல மனுசன், உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னார்: “தங்கச்சி, எத்தினை வரியமாச்சுது. பெயரை எழுதித் தாங்கோ. மனசு ஆறும். மரண சான்றிதழும் எடுத்தால் காணி அலுவலும் லேசு. நாங்களே ஒராளை உங்களோட அனுப்பி எல்லாம் முடிச்சுத் தாறம்.”

அக்கா பேனையைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “செத்தவரெண்டு என்ர கையாலை எழுதச் சொல்லுறியளோ? நான் எழுதினால் பிறகு தேடுறதுக்கு ஆர் இருக்கினம்?”

விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. ஐயாவின் முகம் வாடிவிட்டது. அவருக்காகவும் எனக்குப் பாவமாக இருந்தது. ஹற்றன் அம்மாதான் கணக்குக் கொப்பியை மூடிவிட்டுச் சொன்னார்: “எழுத வேணாங்க்கா. காணாமப் போனவங்க செத்தவங்க பட்டியல்ல எதுக்கு? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நோயாளிங்க பேரு, பயணத்துல இருக்கவங்க பேரு வாசிக்கிறாங்கள்ல. அதுல வாசிக்கட்டும். நம்ம காத்துக்கிட்டுத்தானே இருக்கோம்.”

கைதூக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் அன்று வந்திருந்த பதினொரு பெண்களும் கை தூக்கினார்கள். போதகரிடம் அவர்களே போய்ச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை.

எனக்கு அந்த வேளையில் பாளையங்கோட்டைக் குளோரிந்தாள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் ஒரு விதவை. சாதியால் தள்ளப்பட்டு, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவள் என்று லூத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் முதலில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். பிறகு 1778 இல் கொடுத்தார். 1780 இல் அந்த ஊர்ச் சபைக்குப் பதிவேடு எழுதியபோது மொத்தம் நாற்பது பேர்; முதற் பெயர் அவளுடையது. 1785 இல் அங்கே எழுந்த கோவிலும் அவள் முயற்சியால் வந்ததுதான். எந்தப் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பது சின்ன விஷயம் அல்ல, சகோதரிகளே.

காணி அலுவலைப் பார்ப்போம். உங்களில் சிலருக்கு இது உதவலாம். எங்கள் தேசவழமைச் சட்டத்தில், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண்ணின் சீதனக் காணி அவளுடையதே. ஆனால் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தான் இறந்தபின் யாருக்குச் சேர வேண்டும் என்று மரணசாசனம் எழுத மட்டும் சம்மதம் தேவையில்லை. இது எங்களைக் கட்டிப்போடும் சட்டம் என்பதை நான் மறைக்கமாட்டேன். இருந்தும் அதற்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது இருக்கும் இடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, அவர் கையெழுத்து இல்லாமலே காணியை விற்க அனுமதி கேட்கலாம். அதற்காக அவரைச் செத்தவர் ஆக்கத் தேவையில்லை. மரண சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்காக, காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கும் 2016 இல் சட்டம் வந்தது. சொத்து, கொடுப்பனவு அலுவல்களுக்கு அதைக் காட்டலாம். தேடுதல் அதனால் நின்றுவிடாது. மரண சான்றிதழ் எடுத்த சகோதரிகளைக் குறை சொல்ல நான் யார்? பிள்ளைகளின் சோற்றுக்காக எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எடுப்பதும் விடுவதும் அவரவர் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு சனிக்கிழமை ஐக்கியத்தில் பாட்டு முடிந்ததும் மேசையில் கடதாசிகளைப் பரப்பினோம். உறுதியின் பிரதி, விவாகப் பதிவு, காணாமற்போனோர் அலுவலகத்தின் கடிதம், பழைய பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. அந்தத் துண்டு நனைந்து எழுத்து மங்கியிருந்தது. பொலித்தீன் உறைக்குள் வைத்து இனி ஒருவரும் தொடக்கூடாது என்று ஹற்றன் அம்மா கட்டளை போட்டார். இலவச சட்ட உதவி கேட்டுச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நான் கடிதம் எழுதினேன். மனு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது.

வருகிற மாதம் தவணை. குழுவில் உள்ள ஐயா தான் கூடப் போவதாக மறுபடியும் சொன்னார். அக்கா நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டார். ஹற்றன் அம்மாவும் இன்னொரு பெண்ணும்தான் அவரோடு போகிறார்கள். ஹற்றன் அம்மா யாழ்ப்பாணத்தை இதுவரை கண்டதில்லை. கோட்டையிலிருந்து இரவு ரயில். மூன்று பேருக்கும் ரிக்கற் காசு மைலோ ரின்னிலிருந்து எடுத்தாயிற்று, கொப்பியில் எழுதியும் ஆயிற்று. ஞாயிறு ஆராதனையில் கணவரின் பெயர், வைத்தியசாலையில் இருக்கும் ஒரு பாட்டியின் பெயருக்குப் பிறகு, மூன்றாவதாக வாசிக்கப்படுகிறது. துண்டை ஒவ்வொரு வாரமும் அக்காவே புதிதாக எழுதிக் கொண்டுபோகிறார்.