செருப்பிலிருந்து தொடங்கலாம், தம்பி

போன மாதம் அவினாசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எங்களைப் பார்க்க வந்தார். பகலில் பனியன் கம்பெனியில் வேலை, இரவில் எழுத்து. கையில் ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள். மாவீரன் பொல்லானைப் பற்றிய சரித்திர நாவல். படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார்.

படித்தோம். முதல் அத்தியாயத்தில் வெள்ளைக் குதிரையில் ஒரு வீரன் வருகிறான். தலையில் பட்டுப்பாகை, இடையில் வாள், மாடத்தில் ஒரு பெண் நின்று பார்க்கிறாள். "தம்பி, இது பொல்லான் இல்லை. இது வந்தியத்தேவன்" என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. பிறகு நெடுநேரம் பேசினோம். அவருக்குச் சொன்னது அவரைப் போல எழுதத் துடிக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

குற்றம் அவருடையது இல்லை. சரித்திர நாவல் என்றாலே நமக்குத் தெரிந்தது கல்கியும் அவர் வழியில் வந்தவர்களும்தான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' மூன்று தலைமுறையின் கற்பனையைப் பிடித்து வைத்திருக்கிறது. அதில் அரண்மனை உண்டு, சுரங்கப்பாதை உண்டு, சதி உண்டு. அதே ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் இன்னொன்றும் உண்டு. வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும் இடத்தில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மன்னனின் கல்லே மறைக்காத சேரியை நம் சரித்திர நாவல்கள் எத்தனை முறை எட்டிப் பார்த்தன? அந்த வார்ப்பில் பொல்லானை ஊற்றினால் கிடைப்பது இன்னொரு இளவரசன்தான். பொல்லான் கிடைக்கமாட்டார்.

பொல்லான் யார்? தீரன் சின்னமலையின் படையில் இருந்த அருந்ததியர். வெள்ளையர் முகாமில் செருப்புத் தைப்பவராக நுழைந்து, அங்கே கேட்ட சேதிகளைச் செருப்புக்குள் வைத்து அனுப்பியவர் என்று நம் மக்கள் சொல்லி வருகிறார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டு நல்லமங்காபாளையத்தில் ஓர் ஆடி முதல் நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் அதே வாய்மொழிதான். சின்னமலை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு ஆடிப் பெருக்கில் அரசு மரியாதை. பொல்லானுக்கு மணிமண்டபம் கேட்டு நம் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் குதிரை எங்கே இருக்கிறது? இருப்பது செருப்பு. தோலை ஊறவைத்து, தட்டி, அறுத்து, ஊசி கோத்துத் தைத்த கை இருக்கிறது. யார் கண்ணுக்கும் படாத ஆள் என்பதால்தான் ஒரு செருப்புத் தைப்பவரால் எதிரியின் முகாமுக்குள் உட்கார முடிந்தது. சாதி அவரை மனிதராகப் பார்க்கவில்லை. அந்தக் குருட்டுத்தனத்தையே அவர் ஆயுதமாக்கிக்கொண்டார். இதைவிடப் பெரிய நாவல் எங்கே இருக்கிறது?

கொங்குநாட்டில் செருப்பின் வரலாறு சின்ன வரலாறு இல்லை. கொங்குச் சோழர் காலத்தில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயரோடு வெளியான ஆணை கருவூரிலும் பேரூரிலும் கல்வெட்டாக இருக்கிறது. கம்மாளர்கள் தங்கள் நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்பது அந்த ஆணையின் சாரம். காலில் செருப்புப் போட மன்னனின் அனுமதி தேவைப்பட்ட நாடு இது. கம்மாளருக்கே இந்த நிலை என்றால், அந்தச் செருப்பைத் தைத்தவனின் கால் எப்படி நடந்திருக்கும்?

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், செருப்பணிந்து போகக் கூடாது என்றிருந்த ஒரு தெருவில் சுமார் 60 தலித் மக்கள் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில். கல்வெட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே பல நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. செருப்பு மட்டும் அதே இடத்தில் நின்றது. நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஆதாரத்துக்கு எங்கே போவேன் தோழர்? நம்மைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லையே" என்று தம்பி கேட்டார். எழுதியிருக்கிறார்கள். நமக்காக எழுதவில்லை, அவ்வளவுதான். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கும்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் கொங்கின் ஊர்கள் வழியே பயணம் போனார். என்ன பயிர், கிணற்றில் எப்படி நீர் இறைக்கிறார்கள், பண்ணை ஆளுக்கு என்ன கூலி என்று எழுதிக்கொண்டே போனார். சின்னமலையும் பொல்லானும் உயிரோடு இருந்த காலத்துக் கொங்கு அது. அந்த நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1887இல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதிகாரி வரி வசூலிக்க எழுதியதை நாம் வாழ்க்கையைத் தேட வாசிக்க வேண்டும். கிணறு எத்தனை என்று அவன் எண்ணினால், அத்தனை கிணற்றுக்கும் தோல் தைத்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டும்.

ஆமாம், கவலை ஏற்றத்தை மறந்துவிடாதீர்கள். ஆறு குறைந்த கொங்கு மண் கிணற்றை நம்பிய மண். கவலைச் சாலின் தோல் வேலை முழுக்க நம் பாட்டன்மார் செய்தது. அது கிழிந்தால் அன்று தண்ணீர் இல்லை. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கை தைத்த தோல் வழியாகத்தான் ஊர்க்கவுண்டரின் வயலுக்கும் வாய்க்கும் தண்ணீர் போனது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, பிறகு பம்புசெட் வந்தது, தோல் வேலை மெல்லப் போனது. அப்போது அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்று எழுதினால் அதுவும் சரித்திர நாவல்தான்.

உடுக்கடிப் பாட்டில் பாடப்படும் அண்ணன்மார் கதையையும் கவனித்துக் கேளுங்கள். 1965இல் கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் அதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். பொன்னர் சங்கர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கூடவே வரும் பறையரான சாம்புவனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் பக்கத்தில் நின்று அந்தக் கதையைச் சொல்ல யாருக்காவது தோன்றியதா?

ஆதாரம் குறைவு என்பது எழுதாமல் இருக்கக் காரணம் ஆகாது. அமெரிக்காவில் 1856இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபட்டபோது தன் குழந்தை மீண்டும் அடிமையாகக் கூடாது என்று அதைக் கொன்றாள். அவளைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகைச் செய்திதான் டோனி மாரிசனுக்குப் பொறி. 1987இல் 'பிலவ்ட்' நாவல் வந்தது. நம் பக்கம் பாருங்கள். 1979இலேயே ஒரு சக்கிலியரை நடுவில் வைத்து 'பிறகு' எழுதிய பூமணி, கூட்டுறவுத் துறை வேலையும் பார்த்தவர். 1895 கழுகுமலை, 1899 சிவகாசிக் கலவரங்களைத் தேடிப் படித்து அவர் எழுதிய 'அஞ்ஞாடி' 2012இல் வந்தது. கொங்கில் பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியச் சிறுவர்களைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் எழுதினார். இவற்றைப் படிக்காமல் பேனா எடுக்காதீர்கள்.

பயம் பற்றியும் பேசினோம். பேசாமல் இருக்க முடியாது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகப் பேச்சுவார்த்தையில் 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். சொந்தச் சாதியில் பிறந்த கல்லூரிப் பேராசிரியருக்கே அந்த நிலை. 2016 ஜூலை 5 அன்று உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. ஆனால் அதே 2015 ஜூனில், அந்த நாவலின் களமான திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற முதல் குற்றவாளி நடத்திய அமைப்பு சின்னமலையின் பெயரைத் தாங்கியிருந்தது. வெள்ளையனை எதிர்த்தவரின் பெயரில், அவர் படையில் இருந்தவரைப் போன்ற ஒரு தலித் இளைஞரைக் கொன்றார்கள். இந்தப் பெயரை அவர்களிடமிருந்து மீட்கும் வேலையும் பொல்லான் நாவலுக்கு இருக்கிறது. அதனால் தனியாக எழுதாதீர்கள். அமைப்புகளோடு, வழக்கறிஞர்களோடு, மூத்த எழுத்தாளர்களோடு தொடர்பில் இருந்து எழுதுங்கள்.

"பொல்லானுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே சின்னமலை வரிப்பணத்தைப் பறித்த கதையை ஆதாரம் கேட்காமலே பாடமாகப் படித்தவர்கள்தான் கேட்பார்கள். அவர்களுக்குக் கோபப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். எது ஆவணம், எது வாய்மொழி, எது உங்கள் கற்பனை என்று முன்னுரையில் நேர்மையாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். ஒரு பொய்க் கல்வெட்டு, ஒரு பொய்ப் பட்டயம் போதும், நம் எல்லா உண்மையையும் தூக்கி எறிய அவர்களுக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆண்ட பரம்பரை என்று மார்தட்டும் நோய் நம்மையும் தொற்றுகிறது. பொல்லானைக் குறுநில மன்னராக்கினால்தான் பெருமை என்று நினைத்தால், உழைத்தவனுக்குப் பெருமை இல்லை என்ற அவர்களின் தீர்ப்பில் நாமே கையெழுத்துப் போடுகிறோம். அந்த மூன்று அத்தியாயங்களில் மாடத்துப் பெண் இருந்தாள், பொல்லானின் அம்மா இல்லை. விடியும் முன் கட்டுத்தரை கூட்டி, காட்டில் களையெடுத்து, வாங்கி வந்த கம்பை இடித்துக் காய்ச்சியவள் இல்லாமல் எந்தப் படைவீரன் வளர்ந்தான்? மகன் செய்த வேலை அவளுக்குத் தெரியுமா? தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தாளா? அதை எந்தக் கையேடும் சொல்லாது. நாவல்தான் சொல்ல முடியும்.

தம்பி வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருக்கிறார். கவலை இறைத்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர். முதலில் அவரிடம் உட்காரச் சொல்லி அனுப்பினோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள் தோழர்களே. அவர்களோடு போய்விட்டால் எழும்பூரில் தேடினாலும் கிடைக்காது.