அந்த மாலை யாருக்கு?



2024 பெப்ரவரி 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. வவுனியாவில் என்னோடு படிப்பிக்கும் நண்பர்கள் ஆறு பேர் ஒரு வேனை ஒழுங்கு செய்தார்கள். "மௌலவி, நீங்களும் வாங்க. பாட்டுக் கேட்டுவிட்டு, வரும் வழியில் கிளிநொச்சியில் இராச் சாப்பாடு" என்று என்னையும் அழைத்தார்கள். நான் போகவில்லை. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நீங்கள் அறிந்ததே. அதை வேறொரு மாதம் பேசுவோம். இன்று சொல்ல வந்தது வேறு.

அன்றிரவு நடந்ததை நாடே அறியும். பின்னால் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே பாய்ந்தது. நிகழ்ச்சி இடையில் நின்று, பிறகே தொடர்ந்தது. சிலர் காயமடைந்தார்கள். அந்த இரவைக் கெடுத்தது பாட்டல்ல. 'எனக்கு முன்னால் நிற்பவரும் ஒரு மனிதர்' என்ற நினைப்பு இல்லாமற் போனதுதான்.

இதை வீட்டில் சொன்னபோது, மனைவி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கட கூட்டாளிமார் ஆறு பேர் போனாங்களே, அவங்கட வீட்டுப் பொம்பிளைகள்ல எத்தனை பேர் போனாங்க?"

"ஒருவருமில்லை" என்றேன்.

"நாங்க மஃரிபுக்குப் பிறகு வெளியில போறதெண்டா ஒன்று மையித்து வீடு, இல்லாட்டி ஆஸ்பத்திரி."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சகோதரிகளே, நம் பகுதிக்கு மாலைப்பொழுது இலேசில் திரும்பி வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவில் விளையாடிய பின்னேரங்களை விட்டுவிட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் குப்பி விளக்கோடு வளர்ந்தோம். வன்னியில் இருந்த தமிழ்ச் சகோதரர்களும் மின்சாரம் இல்லாமல், குண்டுச் சத்தத்துக்குப் பயந்து இரவுகளைக் கழித்தார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் மீண்டும் ஓடியது. ஏ-9 வீதியோரக் கடைகளில் இரவிலும் வெளிச்சம் வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள்தாம். இருட்டை இரு சாராரும் சேர்ந்து அனுபவித்தோம். வெளிச்சத்தை மட்டும் ஒரு சாரார் எடுத்துக்கொண்டோம்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் சம்பவம் ஒன்று. ஒரு பெருநாள் தினம். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, அவர்கள் பார்த்துக் களைக்கும் வரை தாமும் நின்றார்கள். பாருங்கள், நேரத்தை முடிவு செய்தது கணவரல்ல, பார்த்துக்கொண்டிருந்த மனைவி! இந்த ஹதீஸை எத்தனையோ வருடங்களாக வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். வீட்டில் ஒருநாளும் படிப்பிக்கவில்லை, படிக்கவுமில்லை.

அடுத்த மாதம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து வவுனியாக் குளக்கட்டுப் பக்கம் போனோம். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. கடையில் வாங்கிய கொத்து ரொட்டியும் ஒரு போத்தல் பிளேன்டீயும்தான் விருந்து. பிள்ளைகள் மத்ரஸாவில் பழகிய பைத்துகளைப் பாடினார்கள், அதுவே கச்சேரி. கைக்குழந்தைகளை ஆண்கள் வைத்திருந்தோம். பெண்கள் தங்கள் பாட்டில் கதைத்துச் சிரித்தார்கள். என் மனைவி அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டு நெடுநாளாயிற்று.

பழக்க தோஷம், இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டேன். பிறகு அந்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. "போதுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இருப்பம்" என்றார். இருந்தோம்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் முன்யோசனை வேண்டும். போகும் இடம் பாதுகாப்பானதா, தொழுகை தவறாதா, வயதான உம்மாவை யார் பார்ப்பது, திரும்பி வர வாகனம் உண்டா என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற ஆண்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகையால் இன்றிரவு சாப்பாடு வைக்கும்போது நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும், எந்தக் கிழமை போகலாம் என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளில் மகிழ்ச்சியையும் பரகத்தையும் தருவானாக. ஆமீன்.