எண்ணெய் டீசலும் மூலிகைப் பெட்ரோலும்

தாவர எண்ணெயிலிருந்து மோட்டார் ஓட்டும் டீசல் செய்யலாம் என்று சொன்னால், நமது மக்களில் ஒரு சாரார் கேலி செய்கிறார்கள். மற்றொரு சாராரோ, கேட்ட மாத்திரத்திலேயே இனி அரபு தேசத்தின் தயவு வேண்டாம், திருநெல்வேலிச் சீமையின் தரிசெல்லாம் பொன்னாகப் போகிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். இரு கூட்டத்தாரும் கணக்குப் பார்க்க மறுப்பதில் ஒன்றுபட்டவர்களே.

இதில் அதிசயம் என்ன இருக்கிறது? 1900-ல் பாரிஸ் நகரப் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் யந்திரம் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் நாளடைவில் யந்திரம் கெட்டுப்போகும். எண்ணெய் டீசலைவிட மிகவும் கெட்டியானதால் சரியாய் எரியாமல் உள்ளே கரி பிடிக்கும். ஆகவே எண்ணெயோடு மெத்தனால் என்னும் சாராயத்தையும், சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்து, சுமார் 60 டிகிரிச் சூட்டில் கலக்குகிறார்கள். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் செலவாகி, 100 கிலோ அளவுக்கு டீசலும், 10 கிலோ கிளிசரினும் கிடைக்கின்றன. (தோழர்கள் யாரும் இதை அடுப்படியில் செய்து பார்க்க வேண்டாம். மெத்தனால் வயிற்றில் போனால் கண்ணும் போகும், உயிரும் போகும். அதன் ஆவியோ சட்டென்று தீப்பிடிக்கும்.) பின்லாந்து தேசத்தில் 2007 முதல் மற்றொரு முறையும் நடக்கிறது. அங்கே ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயை மாற்றி, பூமிக்கடியிலிருந்து வரும் டீசலைப் போலவே ஆக்கிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் அச்சில் வந்த விஷயங்கள். ஆராய்ச்சிச் சாலை உள்ள எவரும் செய்து பார்த்து, தப்பாயிருந்தால் தப்பென்று சொல்லலாம்.

இனி நமக்குப் பக்கத்தில் நடந்த கூத்தைப் பாருங்கள். 1996-ல் இராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை என்பவர், மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் செய்வதாகச் சொன்னார். என்ன மூலிகை என்று கேட்டால், அது இரகசியம்! பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. படித்தவர்களும், மந்திரிகளும்கூட மயங்கினார்கள். முடிவு என்ன? பெட்ரோலியச் சரக்குகளைக் கலந்து விற்று ஏமாற்றியதாக சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்து, 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. தண்ணீர் எரிந்து முடிந்த பொருள். அது மறுபடியும் எப்படி எரியும் என்ற ஒரு கேள்வியைக் கேட்க இந்த நாட்டுக்கு 20 வருஷமா வேண்டும்?

இரகசியம் இல்லாத காரியத்திலும் மோசம் போகலாம் என்பதற்குக் காட்டாமணக்கே சாட்சி. 2003-ல் திட்டக் கமிஷன் குழு ஒன்று, 2011-12க்குள் டீசலில் 100க்கு 20 பங்கு இப்படிப்பட்ட எண்ணெய் டீசலாக இருக்க வேண்டும் என்றது. நாங்குநேரி, இராதாபுரம் பக்கங்களைப் போன்ற வானம் பார்த்த பூமிக்கு ஏற்ற செடி, தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது என்று தேசமெங்கும் பிரசாரம் நடந்தது. ஆடு கடிக்காதது வாஸ்தவம். அதனால்தானே அதை வேலியில் வைத்திருக்கிறோம்! ஆனால் தண்ணீரில்லாமல் உயிரோடிருப்பது வேறு, காய்ப்பது வேறு. இது நமது சம்சாரிக்குத் தெரியாதா? அவனைக் கேட்டவர் யார்? வருஷக்கணக்காய்க் காத்திருந்தும் போதிய விதை காய்க்கவில்லை. பேசிய மேதாவிகளுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை, நட்டவனுக்குத்தான் நஷ்டம். பிறகு 2018-ல் சர்க்கார் இலக்கை 2030க்குள் 100க்கு 5 என்று இறக்கிவிட்டது.

சரி, தின்னும் எண்ணெயையே ஊற்றினால் என்ன? இந்தியா வருஷத்துக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. நாம் எல்லோரும் தின்னும் எண்ணெயோ சுமார் 2½ கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் அன்னிய நாட்டிலிருந்து வருகிறது. தேசம் முழுவதும் தாளிப்பை நிறுத்தினாலும் லாரிகள் நாலு மாதம்கூட ஓடா. கன்னடியன் கால்வாய் பாயும் நன்செயில் நெல்லை நிறுத்திவிட்டு எண்ணெய் வித்துப் போடு என்று எவராவது சொன்னால், அவர் வீட்டில் யார் பட்டினி கிடப்பார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு எண்ணெய் மட்டும் மிச்சமிருக்கிறது. அதுதான் பலகாரச் சட்டியில் கறுத்துப் போன எண்ணெய். அதில் கெட்டுப்போன சரக்கு 100க்கு 25 பங்குக்கு மேற்பட்டால் சமையலுக்கு உதவாது என்று 2018 ஜூலை முதல் விதி உண்டு. அதை வாங்கி டீசலாக்கும் ஏற்பாட்டையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருஷம் ஆரம்பித்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும் என்பது 2019-ம் வருஷத்து உத்தரவு. நல்லதுதான். ஆனால் தள்ளுவண்டியில் வடை சுடுகிறவருக்கு 50 லிட்டர் ஏது? பெரிய கடையில் கழித்த எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுடுகிறவர்களும் உண்டு. அதைத் தின்கிறவர் யார்? மில் தொழிலாளியும், மூட்டை தூக்குகிறவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுமே. யந்திரத்துக்குப் போக வேண்டியது ஏழையின் வயிற்றுக்குப் போகிறது.

சின்ன வியாபாரியை அபராதம் போட்டு மிரட்டுவதால் இது தீராது. அவருக்கு அந்த எண்ணெய் காசு. ஆகவே திருநெல்வேலி மாநகராட்சியும், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் நகரசபைகளும் வாரத்துக்கொரு முறை ஒரு வண்டி அனுப்பி, அந்த எண்ணெயை அளந்து, கையில் பணம் கொடுத்து வாங்கட்டும். லிட்டர் என்ன விலை, எந்தக் கிழமை வண்டி வரும் என்பதைக் கடைத்தெரு முனையில் பலகை எழுதி வைக்கட்டும்.