பழியைச் சூட்டின் மேல் போடாதீர்கள்

கீமோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரின் வாயில் புண் வந்துவிட்டால், காரணம் கண்டுபிடிக்க நம் குடும்பங்களுக்கு அரை நிமிடம் போதும். உடம்பு சூடு. எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்வார், மருந்துக்கடைப் பையன் சொல்வான், ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். கூட்டம் நெரிக்கும் ஓபியில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கும் டாக்டரும் சில சமயம் சொல்லிவிடுவார். அதோடு விசாரணை முடிந்தது. மோர், இளநீர், மணத்தக்காளிக் கீரை, வெண்ணெய், கசகசா அரைத்த தேங்காய்ப்பால், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று தண்டனையை நிறைவேற்றும் வேலை மட்டும் பாக்கி.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை யாரையும் கொல்லாது. மணத்தக்காளிக் கீரைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதைச் சமைக்கச் சொல்கிற அந்தக் காரணம் பொய். கீமோ நோயாளி விஷயத்தில் அது ஆபத்தான பொய்.

வாயின் உள்தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் மேலே இருக்கும் செல்கள் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை வந்துவிடும். கீமோ மருந்துகளில் பலவும் வேகமாகப் பெருகும் செல்லைத் தேடி அடிப்பவை; அது புற்றுச் செல்லா, கன்னத்தின் உள்தோலா என்று பார்க்கத் தெரியாதவை. முடி கொட்டுவதும், ரத்தத்தில் வெள்ளை அணு சரிவதும் இதே கணக்குதான். முடி கொட்டியதற்கு யாரும் சூட்டைக் குற்றம் சொல்வதில்லை (சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள்). இந்தப் புண் எப்படி உருவாகிறது என்பதை 2004இல் ஐந்து கட்டங்களாக விளக்கினார் அமெரிக்க வாய்நோய் ஆய்வாளர் ஸ்டீபன் சோனிஸ். அவர் கணக்கில், கண்ணுக்குப் புண்ணாகத் தெரிவது நான்காவது கட்டம். முதல் கட்டம் மருந்து நரம்பில் ஏறும் அன்றே, தோலுக்கு அடியில் தொடங்கிவிடுகிறது.

நாள் கணக்கைப் பார்த்தாலே சூட்டு வாதம் உடைந்துவிடும். பொதுவாக மருந்து ஏறிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நாக்கும் கன்னமும் எரியத் தொடங்கும். வேறு சிக்கல் சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கத்திரி வெயிலில் கீமோ போட்டவருக்கும் இதே கணக்கு, மார்கழிப் பனியில் போட்டவருக்கும் இதே கணக்கு. வானிலை பார்த்து வரும் புண் இல்லை இது; டிரிப் ஏற்றிய தேதி பார்த்து வருவது. தானாகவே ஆறுகிற புண் என்பதால்தான் எல்லா வைத்தியமும் பலித்ததுபோல் தோன்றுகிறது. கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

சரி, காரணம் தவறாகவே இருக்கட்டும், மோர் குடித்தால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் என்ன என்று கேபசிட்டபைன் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் பார்க்கலாம். பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரை அது. ஊசி இல்லை, படுக்கை இல்லை. வீட்டிலேயே காலையும் மாலையும் பதினான்கு நாள் விழுங்கி ஏழு நாள் விடுவது வழக்கமான முறை. வாயில் புண் வந்து சாப்பிட முடியாமல் போனால், பேதி நிற்காமல் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த மருந்தின் அடிப்படை விதி. சிலருக்குப் பிறவியிலேயே இம்மருந்தைச் சிதைக்கும் டிபிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் சுற்றின் ஆரம்ப நாட்களிலேயே வாய் வெந்துபோகும். மாத்திரையைத் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இப்போது நம் வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வாய் புண்ணாகிறது: சூடு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிகிறது, அதுவும் இதே மாத்திரையின் வேலைதான்: சூடு ஜாஸ்தி. காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு, ராத்திரி மாத்திரையைத் தவறாமல் விழுங்க வைக்கிறார்கள். விஷம் சேர்ந்துகொண்டே போகிறது, மோரும் போகிறது.

மருந்துக்கடை பி-காம்ப்ளெக்ஸின் கதை இன்னும் வேடிக்கை. வாய்ப்புண் என்றால் பி-காம்ப்ளெக்ஸ் என்பது நம் ஊரில் சீட்டு இல்லாமலே நடக்கும் வியாபாரம். அந்த மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் உண்டு. கேபசிட்டபைன், ஊசி வழியே ஏறும் கீமோ மருந்தான ஃபைவ் எஃப்யூ இரண்டும் ஃபோலேட் சேரச் சேர மூர்க்கமாகும் மருந்துகள். ஃபைவ் எஃப்யூவின் வேகத்தைக் கூட்டுவதற்காகவே டாக்டர்கள் லூகோவோரின் என்ற ஃபோலேட் மருந்தை அளந்து அதனோடு ஏற்றுகிறார்கள். அளக்காமல், கேட்காமல், வாய்ப்புண்ணுக்கு என்று நாமாகவே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புண்ணுக்கே தீனி போட்டதாகலாம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தின் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: மூட்டுவாதத்துக்குக் குறைந்த அளவில் கொடுக்கும்போது வாய்ப்புண்ணைத் தடுக்க டாக்டரே ஃபோலிக் அமிலம் எழுதுவார். ஒரே வைட்டமின், ஒரு மருந்தோடு கேடயம், இன்னொன்றோடு கத்தி. எந்த மருந்து ஏறுகிறது என்று கேட்காமல் வாய்ப்புண்ணுக்கு வைத்தியம் சொல்பவர் யாராக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவைப்பது நல்லது.

சூட்டுக் கட்சிக்காரர்கள் கையில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஐஸ்கட்டி. ஃபைவ் எஃப்யூவை ஒரே மூச்சில் ஊசியாகச் செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்பே ஐஸ் துண்டுகளை வாயில் போட்டு அரை மணி நேரம் சுழற்றிக்கொண்டிருந்தால் வாய்ப்புண் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று 1991இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை உயர் அளவில் கொடுக்கும்போதும் ஐஸ் உதவுகிறது. பார்த்தீர்களா, குளிர்ச்சிதானே காப்பாற்றியது என்பார்கள். காப்பாற்றியது சுருங்கிய ரத்தக் குழாய். குளிரில் வாயின் குழாய்கள் சுருங்கும். அந்த அரை மணி நேரம் அங்கே ரத்தம் குறைவாக வரும், அதோடு மருந்தும் குறைவாக வரும். ஃபைவ் எஃப்யூ ரத்தத்தில் வெகுநேரம் தங்காது என்பதால் தந்திரம் பலிக்கிறது. இதே மருந்தைப் பம்பில் போட்டு 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் எவ்வளவு நேரம் ஐஸைச் சப்புவது? உடம்பின் உஷ்ணம்தான் காரணமென்றால் வீட்டுக்கு வந்தபின் சாப்பிடும் ஐஸும் புண்ணைத் தடுக்க வேண்டும். மருந்து வாய்க்கு வந்து சேர்ந்தபிறகு சப்பும் ஐஸ் எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்குக் குளிர்ந்த தண்ணீரே ஆகாது. கை மரத்துப்போகும், தொண்டை இறுகிக்கொள்வதுபோல் மூச்சுத் திணறும். குளிர்ச்சி நல்லது என்று ஃபிரிட்ஜிலிருந்து ஜூஸ் எடுத்து நீட்டும் கைக்கு இது தெரியாது.

சூட்டு வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாகத் தேனும் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நம் சூடு-குளிர்ச்சிப் பட்டியலில் தேன் சூடு! சர்க்கரை நோயாளிக்கும், வெள்ளை அணு குறைந்தவருக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பது வேறு விஷயம்.

சூட்டு நம்பிக்கை வாயில் தடவுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, தட்டில் இருப்பதையும் பிடுங்குகிறது. முட்டை சூடு, கோழி சூடு, கருவாட்டைச் சொல்லவே வேண்டாம், வேர்க்கடலை பித்தம். மிஞ்சுவது கஞ்சித்தண்ணியும் மோரும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். ஐம்பது கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் நீர்மோரில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். புதுத்தோல் முளைக்க வேண்டிய நேரத்தில் அதற்கான சரக்கையே நிறுத்திவைத்துவிட்டு, ஏன் ஆறவில்லை என்று கவலைப்படுகிறோம். இதற்கு மேல், குளிர்ச்சி என்ற பெயரில் எலுமிச்சைச் சாறும் சாத்துக்குடியும் வருகின்றன. தோல் உரிந்த வாயில் புளிப்பு எப்படி எரியும் என்று கொடுப்பவர் தன் விரல் வெட்டுக்காயத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். நன்றாக வேகவைத்த முட்டையைக் குழைத்து, பருப்பும் நெய்யும் சேர்த்து மசித்த சோற்றில் கலந்து, ஆறவைத்து, காரமும் புளியும் இல்லாமல் கொடுத்தால் பலருக்கு இறங்கும். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகுக் கூழைப் பாலில் காய்ச்சலாம்.

இந்த நம்பிக்கை இன்னொரு அநியாயமும் செய்கிறது. மருந்து தந்த புண்ணுக்கு அடுப்படியில் குற்றவாளி தேடுகிறது. "நேத்து என்ன குழம்பு வெச்சே?" என்று மாமியார் மருமகளைக் கேட்பார். நோயாளி பெண்ணாக இருந்தால், "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சா சூடு ஏறாம என்ன செய்யும்?" என்று அவளுக்கே பழி. கீமோ போட்டவர் ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவளின் தலையில், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்ற குற்ற உணர்வு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவள் உண்மையில் செய்ய வேண்டியவை வேறு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, சாப்பிட்டபின்னும் படுக்கும் முன்னும் இடையிலும் கொப்பளிக்க வைப்பது. விழுங்காமல் துப்பச் சொல்வது. குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் வாங்குவது. ரத்தம் கசிகிறதே என்று பல் விளக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அழுக்கு சேர்ந்த வாயில் கிருமி குடியேறும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், படிகாரம், வெங்காரம் எல்லாம் உரிந்த தோலுக்கு ஆகாதவை. தினமும் ஒருமுறை டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைக் காளானாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு; அதை மோர் கரைக்காது.

காய்ச்சல் வந்தால் சூட்டுக் கதைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். புண் வரும் நாட்களும் வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றுதான். காவல் இல்லாத நேரத்தில் கதவும் திறந்து கிடக்கிறது. வாயில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாவே அந்த வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். தெர்மாமீட்டரில் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் அது அவசரம். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். சூட்டுக் காய்ச்சல், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திவிடும் வீடுகளுக்குச் சில நேரம் காலை விடிவதில்லை.

வலி என்ற சொல்லை இவ்வளவு நேரமும் நான் எடுக்கவில்லை. நம் வீடுகளிலும் எடுப்பதில்லை. சூட்டுப் புண்ணுக்கு யார் போய் வலி மருந்து கேட்பார்கள்? எச்சில் விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருப்பவருக்கு மார்பின் வரை கொடுப்பதற்கு மருத்துவத்தில் இடம் இருக்கிறது. 1985இன் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கி வைத்திருந்தது. 2014இல் திருத்தம் வந்து வழி ஓரளவு இளகியது. மார்பின் என்றால் கடைசிக் கட்டம் என்று நாம் அஞ்சுகிறோம். பத்து நாள் புண்ணுக்குக் கொடுத்து, ஆறியதும் நிறுத்திவிடக்கூடிய மருந்து அது.

சூட்டு நம்பிக்கை தவிர, நோயாளிகள் புண்ணை டாக்டரிடம் மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புண் என்று சொன்னால் அடுத்த டோஸைக் குறைப்பார்கள், தள்ளிப்போடுவார்கள், நோய் வளர்ந்துவிடும் என்ற பயம். பக்கவிளைவு இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற கதையும் அதோடு சேர்ந்துகொள்ளும். சொல்லாமல் விட்டால், அடுத்த சுற்றும் அதே அளவில் ஏறி, பாதிச் சிகிச்சையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்து, மாதக்கணக்கில் எல்லாமே நின்றுபோகலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இதில் மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். என்ன வரும், எப்போது வரும், எந்த எண்ணுக்குப் பேசுவது என்று தமிழில் நான்கு வரி எழுத அதில் இடமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து உட்காருகிறார்.

ஓபியில் "வாய்ப்புண்ணு சார்" என்று மட்டும் சொன்னால் பி-காம்ப்ளெக்ஸ்தான் கிடைக்கும். "டிரிப் ஏறி இன்னைக்கு எட்டாம் நாள், நேத்திலிருந்து இட்லி இறங்கல, தண்ணியும் பாலும்தான் குடிக்கிறாங்க" என்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது நான்கில் மூன்றாம் நிலை. கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து பார்க்க வேண்டிய நிலை. அப்படியும் சூடுதான், மோர் குடிங்க என்று பதில் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். அடுத்த டோஸ் இதே அளவா, வலிக்கு என்ன மருந்து, ராத்திரி காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று மூன்றையும் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.