கல்யாண கேசட்டை வெட்டும் முன்...

“அம்மா இருக்கிற ஒரே வீடியோ அது. அதையும் நானே கெடுத்துவிட்டேனா?” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். 1994-ல் நடந்த அவருடைய கல்யாணத்தின் வீடியோ. மூன்று மணி நேர கேசட்டைச் சில வருடங்களுக்கு முன் கடையில் கொடுத்து, இரண்டு டி.வி.டி.யாக மாற்றி வைத்திருக்கிறார். அதில் மண்டப வாசலில் அவருடைய அம்மா சந்தனம் கொடுத்து வரவேற்கிற காட்சி கொஞ்ச நேரம் வருகிறது. அம்மாவின் நினைவு நாளுக்காக அதை மட்டும் வெட்டி, பாட்டுச் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். முகம் கரைந்துபோய் யாரென்றே தெரியவில்லையாம்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “டி.வி.டி. பத்திரமாக இருக்கிறதா?” பீரோவில் இருக்கிறது என்றார். அப்பாடா!

என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தேன். மகன் டி.வி.டி.யை ஒரு கன்வெர்ட்டரில் போட்டு எம்.பி.4 ஆக மாற்றினான். அதை இவர் போன் ஆப்பில் வெட்டி சேவ் செய்தார். மறுநாள் பாட்டுச் சேர்த்து மறுபடி சேவ் செய்தார். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆக, நான்கு முறை அந்தப் படம் பிரிக்கப்பட்டு, மீண்டும் சுருக்கப்பட்டிருக்கிறது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த கதைதான். சுருக்கும்போது கம்ப்யூட்டர் ‘இது முக்கியமில்லை’ என்று சில நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். போனது போனதுதான்; அடுத்த சேவ், மீதியிருப்பதில் கை வைக்கும். பழைய கேசட் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வேறு நிறைய. அதையும் விவரம் என்று நினைத்துச் சுருக்கத் திணறுவதால், முகங்கள் இன்னும் சீக்கிரம் குழம்பும்.

வெட்டுவதற்காக மறுபடி சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. துணியைக் கத்தரிப்பது போல, இருக்கிற ஃபைலிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் அப்படியே பிரித்து எடுக்கலாம். டி.வி.டி.யில் இருப்பது ஒரு ஜி.பி. அளவுக்குத் துண்டு துண்டாக உள்ள வி.ஓ.பி. ஃபைல்கள். மேக்எம்.கே.வி. என்ற மென்பொருள், தரத்தைத் தொடாமல் அவற்றை ஒரே எம்.கே.வி. ஃபைலாக்கித் தரும். அதை அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் இரண்டிலும் ‘காப்பி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் முக்கியம். தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, வேறு பெயரில் சேவ் செய்தால் போதும். லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு சின்னச் சங்கடம் உண்டு. சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. இடையிடையே கீஃப்ரேம் என்ற முழுப் படம் இருக்கும். மற்றவை பக்கத்துப் படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். அதனால் கீஃப்ரேமில்தான் வெட்டைத் தொடங்க முடியும். அவிடெமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறி விசைகள் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். டி.வி.டி.யில் அரை விநாடிக்கு ஒன்று கிடைத்துவிடும், சில எம்.பி.4 ஃபைல்களில் பத்து விநாடிகூட இடைவெளி இருக்கும். நம் வாசகிக்கு நினைத்த இடத்துக்கு அரை விநாடி முன்பே தொடங்க வேண்டியதாகிவிட்டது. யாரோ குறுக்கே போகிற முதுகு தெரிகிறது. இருக்கட்டுமே!

பாட்டு, தலைப்பு எல்லாம் வேண்டுமென்றால்? படத்தின் மேல் எழுத்துப் போட்டால் மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும். அதை எல்லா வேலையும் முடிந்தபின் ஒரே ஒரு முறை, பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஆள் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிவது அந்தக் காலத்து வீடியோவின் இயல்பு. ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதிகளாகப் பதிவு செய்ததால் வருவது. ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ போட்டால் போய்விடும். தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 18 வாக்கில் வையுங்கள். இதுவும் பிரதிக்கு மட்டும்தான். டி.வி. திரை நிறையட்டும் என்று பக்கவாட்டில் இழுத்துவிடாதீர்கள். கல்யாணப் பெண் உட்பட எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் ஒரு முறை சுருக்கும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜி.பி. வரை அனுப்பலாம்.

வாசகி புதிதாக வெட்டியதை எனக்கும் அனுப்பியிருந்தார். 1990-களின் கேசட் எவ்வளவு தெளிவாக இருக்குமோ, அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது. டி.வி.டி.யிலிருந்து எடுத்த முழு ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டாராம். டி.வி.டி.யும் என்றைக்கும் உழைக்கிற சாமான் இல்லை என்பதால் நான்தான் அப்படிச் சொன்னேன்.

அடுத்து, தங்கையின் வளைகாப்பு வீடியோ இன்னும் கேசட்டாகவே இருக்கிறதாம். டி.வி.டி. வேண்டாம், டி.வி. ஃபார்மட்டில் ஃபைலாகக் கேளுங்கள் என்றேன். (இந்த டி.வி. தொலைக்காட்சி அல்ல, ‘டிஜிட்டல் வீடியோ’.) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும், ஹார்டு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று வீட்டு டெக்கில் போடவே வேண்டாம். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த கடைக்காரரிடம் முதலில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.