எதைப் படிப்பது? ஏன் படிப்பது?

நமது தோழர்களில் பலர், அரசியல் புஸ்தகங்களை மாத்திரமே படிக்க வேண்டும், விஞ்ஞானக் கற்பனைக் கதை என்பது சிறு பிள்ளைகளின் வேடிக்கை என்று கருதி வருகிறார்கள். வேறு சில வாலிபர்களோ, ஆகாயக் கப்பலும் யந்திர மனிதனும் வருகிற கதைகளை விழுந்து விழுந்து படித்துவிட்டு, அரசியல் புஸ்தகம் என்றால் "அது நமக்கு எதற்கு?" என்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் அரை வயிறு உண்டு எழுந்திருப்பவர்களே என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அரசியல் புஸ்தகத்தை எடுத்துக் கொள்வோம். 1936ல் லாகூரிலுள்ள ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்கிற ஜாதி ஒழிப்புச் சங்கத்தார், தங்கள் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க டாக்டர் அம்பேத்கார் அவர்களை அழைத்தார்கள். அவரது தலைமைப் பிரசங்கத்தை முன்கூட்டிப் பார்த்ததும் நடுங்கிப் போனார்கள். ஏன்? சமபந்தி போஜனமும் கலப்பு மணமும் மாத்திரம் போதாது, சாஸ்திரங்களின் மேலுள்ள புனித நம்பிக்கை ஒழிந்தாலொழிய ஜாதி ஒழியாது என்று அவர் காரண காரியத்தோடு எழுதியிருந்தார். கிளையை வெட்டக் கோடாரி தூக்கியவர்கள், வேரைக் காட்டியதும் கோடாரியைக் கீழே போட்டுவிட்டு மகாநாட்டையே நிறுத்திவிட்டார்கள்! அவரோ எழுதியதை மாற்ற மறுத்து, சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். 1937ல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் அது குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. "ஆண்டவன் செய்த ஏற்பாடு" என்று நாம் நம்பிக் கொண்டிருந்ததை, மனிதன் எழுதி மனிதன் லாபமடைகிற ஏற்பாடு என்று காட்டுவதே இப்படிப்பட்ட புஸ்தகத்தின் வேலை.

ஆனால் இது முடிந்ததும் பாமரன் ஒரு கேள்வி கேட்கிறான்: "சரி, இதைவிட்டால் வேறு எப்படித்தான் இருக்க முடியும்?" இதற்குப் பதில் சொல்லும் சக்தி நல்ல கற்பனைக் கதைக்கு உண்டு.

ரொக்கையா சகாவத் ஹுசைன் என்கிற வங்காள முஸ்லீம் பெண்மணி, கோஷா முறைக்குள்ளேயே வளர்ந்தவர். அவர் இங்கிலீஷில் எழுதிய "சுல்தானாவின் கனவு" என்னும் கதை, 1905ல் சென்னையிலிருந்து வந்து கொண்டிருந்த "இந்தியன் லேடீஸ் மேகஸின்" என்ற பத்திரிகையில் வெளிவந்தது. அந்தக் கதையிலுள்ள தேசத்தில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் வெளியில் நடமாடி ராஜ்யத்தை நடத்துகிறார்கள். பெண்களுடைய சர்வகலாசாலைகளில் ஒன்று ஆகாயத்திலிருந்தே தண்ணீரை இறக்கிக் கொள்ளுகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. ஆண்களின் பட்டாளம் தோற்றுத் திரும்பிய பிறகு, அந்த வெப்பத்தைக் கொண்டே பெண்கள் எதிரியை ஓட்டுகிறார்கள்.

இதைப் படிக்கிற ஆணுக்குக் கோபம் வரும். வரட்டும். "ஆண்களை அடைத்து வைப்பது அக்கிரமமல்லவா?" என்று கேட்பான். அப்படியானால் பெண்களை அடைத்து வைத்தது மாத்திரம் எப்படி தர்மமாயிற்று? நூறு மேடைகளில் பேசியும் உறைக்காத நியாயம் ஒரு சிறு கதையில் உறைத்துவிடுகிறது.

உடனே வைதீகர்கள், "எங்கள் புராணத்திலும் புஷ்பக விமானம் இருக்கிறதே, அதுவும் விஞ்ஞானந்தானே!" என்று புறப்படுவார்கள். ரொக்கையாவின் கதையிலும் பறக்கும் வண்டி உண்டு. ஆனால் கனத்தைத் தூக்க ஜலவாயுப் பந்துகள், ஓட்டுவதற்கு மின்சாரத்தால் சுழலும் இறக்கைகள் என்று அது பறக்கும் விதத்தை அவர் சொல்லுகிறார். புஷ்பக விமானமோ நினைத்த மாத்திரத்தில் பறக்குமாம்! ஒன்று "இதைச் செய்ய முடியுமா, பார்" என்கிறது. மற்றொன்று "கன்னத்தில் போட்டுக்கொள்" என்கிறது. "வைமானிக சாஸ்திரம்" என்று ஒன்றை ரிஷி எழுதியதாகக் கொண்டாடினார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஐவர் 1974ல் அதைப் பரிசோதித்து, அது 1904க்கு முற்பட்டதல்ல, அதில் சொன்ன விமானங்கள் பறக்கவும் மாட்டா என்று எழுதினார்கள். அப்படியிருந்தும் 2015ல் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே வேதகால விமானத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டதென்றால், இதை என்னவென்று சொல்லுவது?

கற்பனை மாத்திரம் இருந்து அரசியல் அறிவு இல்லாவிட்டாலும் ஆபத்துத்தான். 1940களில் வெளிவந்த "இனிவரும் உலகம்" என்ற நூலில், ஆளுக்கொரு கம்பியில்லாப் பேச்சுக் கருவி வரும், ஆண் பெண் சேர்க்கையில்லாமலும் பிள்ளை பிறக்கும் என்று பெரியார் அவர்கள் சொன்னார். 1978ல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. பேச்சுக் கருவியும் எல்லோர் பையிலும் வந்துவிட்டது. "சொன்னது பலித்தது" என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அவர் முக்கியமாகச் சொன்னது எஜமானும் அடிமையும், மேலும் கீழும் இல்லாத உலகமல்லவா? அது வந்துவிட்டதா? அதே கருவியில்தானே ஜாதகப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஜாதியைக் குறித்து வரன் தேடுகிறார்கள்! 2013ல் சட்டம் வந்த பிறகும் மனிதன் சாக்கடைக் குழியில் இறங்கிச் சாகிறானே! யந்திரம் வந்தது, புத்தி வரவில்லை.

ஆதலால் தோழர்களே, ஊர்தோறும் உள்ள நமது வாசகசாலைகளில் இவ்விரு வகைப் புஸ்தகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும். முக்கியமாக, வீட்டுப் பெண்களின் கையில் அவை போய்ச் சேரட்டும். எந்தப் புஸ்தகமானாலும் முடித்த பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்றுள்ள நிலைமையை உண்டாக்கியவர் யார்? இது இல்லாமல் நாம் வாழ முடியாதா? இந்த இரண்டையும் கேட்கத் தூண்டாத புஸ்தகம் எவ்வளவு பழமையானதானாலும், எவ்வளவு புதுமையானதானாலும், அது நமக்குப் புராணமே ஆகும்.