கேட்கப்படாமற்போகும் கேள்வி

கூடுவாஞ்சேரியில் மின்சார இரயில் ஏறுவோர், பெட்டிச் சுவர்களில் ‘ஆண்மைக்குறைவு’ குறித்த துண்டு விளம்பரங்களைக் கண்டிருப்பர். அதே இரயிலில் வந்திறங்கும் நோயாளர்கள், மருத்துவர் முன் அமர்ந்ததும் அச்சொல்லை உச்சரிப்பதில்லை. தவறு எங்களுடையதுமாகும். உறக்கம், பசி, மலச்சிக்கல் வரை வினவும் நாங்கள் தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

மறைந்த மனநல மருத்துவர் மாத்ருபூதம், விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் இவற்றை இயல்பாகப் பேசிக் காட்டினார். (எங்களுள் சிலர் அதனை ஒலி குறைத்தே பார்த்தோம்.) இன்றும் அக்கூச்சம் நீங்கவில்லை. குறிப்பாக, மனத்தில் எழும் பாலியல் கற்பனையைத் துணைவருக்கு இழைக்கும் துரோகமென எண்ணி மருகுவோர் உளர். அமெரிக்க ஆய்வாளர் ஜஸ்டின் லேமில்லர், 4,000-க்கும் மேற்பட்டோரிடம் வினவி 2018-இல் நூலொன்று வெளியிட்டார். ஏறத்தாழ அனைவருமே தமக்குக் கற்பனைகள் உண்டென்றனர். கற்பனை நோயன்று. அதனைத் துணைவரிடம் சொல்லியே ஆகவேண்டுமென்பதில்லை. சொன்னால், மற்றவர் மறுக்கவும் உரிமையுண்டு. ஆயினும் எது இன்பம் தருகிறது, எது வலிக்கிறது என்பதையேனும் பேசிக்கொள்ளாத இருவர் நிறைவு காண்பது அரிதென்பதே எங்கள் கருத்து.

நோய் வந்தபின் இம்மௌனம் இன்னும் இறுகுகிறது. மாரடைப்புக்குப்பின், கணவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோவென அஞ்சி மனைவி விலகிப் படுக்கிறார்; தம்மை வெறுத்துவிட்டாரெனக் கணவர் கருதுகிறார். இரண்டு மாடி ஏறியும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாராதவர்க்குப் பெரும்பாலும் தடையில்லை. மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டால் போதும். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர், சில்டெனாஃபில் போன்ற மருந்துகளை ஒருபோதும் உட்கொள்ளலாகாது; இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியக்கூடும். விளம்பரத்தை நம்பி ‘மூலிகை’ உருண்டை வாங்குவோர் அதனுள் என்ன கலந்துள்ளதென அறியார்.

விறைப்புக் குறைவு, நீரிழிவோ இதயநோயோ காட்டும் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உண்டாகும் வறட்சிக்கும் வலிக்கும் எளிய மருந்துகள் உள்ளன. ‘இந்த வயதில் என்ன’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த முறை வருகையில் இருவரும் சேர்ந்தே வரலாம். தனியே பேச விரும்பினால் அதனை முதலிலேயே கூறிவிடுங்கள். உடன் வந்தோரை வெளியே அமரச் சொல்வது எங்கள் பொறுப்பு.